ஐஸ்பெட்டியின் இரைச்சல்

ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு ஜெயஸ்ரீ கூடத்துக்கு வந்தாள். மின்விசிறியையும் நிறுத்தினாள். மே மாதத்து மந்தைவெளிப் புழுக்கம் அத்தனை பேர் கழுத்திலும் ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி பேட்டரியை உருவியபோது மாமியாரின் தங்கை பங்கஜம் சித்திக்குப் பொறுக்கவில்லை.

"கடியாரத்தை வேற நிறுத்தறயேடி. காலம்பர ஒண்ணு நின்னது போறாதா?"

கூடத்தின் நடுவே, கண்ணாடி மூடி போட்ட ஐஸ்பெட்டிக்குள் மாமியார் சூடாமணி படுத்திருந்தாள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள், புண்ணியவதி. சிங்கப்பூரிலிருந்து மகள் ஷண்முகப்ரியா சாயங்காலம் வந்துவிடுவாள். வந்ததும் எடுத்துவிட வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பழைய ஸ்பூல் டேப் மெஷின்.

அந்த மெஷின் இந்த வீட்டுக்குள் வந்திருக்கவே கூடாது.

மாமியாருக்குப் புடவை எடுக்க பீரோவைத் திறந்தபோதுதான் அடித்தட்டில் அந்த டேப் கிடைத்தது. கணவன் வெங்கடேஷ் பிறப்பதற்கு முன்னால் மாமனார் பதிவு செய்தது. சூடாமணி பாடினாள் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. அதற்கப்புறம் அவள் பாடவேயில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அடையாற்றில், பழைய ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கும் நூலகம் ஒன்றில் ஜெயஸ்ரீக்கு வேலை. அந்தப் பதிவைத் தரச் சொல்லி மருமகள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். "நான் இருக்கறவரைக்கும் தொடாதே. அப்புறம் உன் பாடு" என்பதோடு சரி.

காலையில் டேப்பைத் தொட்டதுமே விரல் பிசுபிசுத்தது. இப்படி ஆகிப்போன டேப்பை நாள் முழுக்க இளஞ்சூட்டில் வைத்து உலர்த்தியபிறகே ஓட்ட வேண்டும். அவசரப்பட்டால், ஒலியைத் தாங்கி நிற்கும் பழுப்புப் பூச்சு மெஷினிலேயே உரிந்துவிடும். ஒரு தரம் கேட்கும். கேட்கக் கேட்க அழியும்.

வெங்கடேஷிடம் இதைத்தான் படித்துப் படித்துச் சொன்னாள். அவனோ அவளுக்குத் தெரியாமல் நூலகத்து ரெஹானுக்கு போன் போட்டு மெஷினை வரவழைத்துவிட்டான்.

"நீங்க சொல்லித்தான் சார் கூப்டாருன்னு நெனச்சேன் மேடம்," என்று ரெஹான் வாசலிலேயே தயங்கி நின்றான்.

"ரெண்டே நாள் குடுங்கோ. முழுசா எடுத்துக் குடுக்கறேன்," என்றாள் ஜெயஸ்ரீ புருஷனிடம்.

"அம்மா பாடி நான் கேட்டதே இல்ல ஜெயா. எரிச்சுட்டு வந்து கேட்டா அது வெறும் பாட்டு. இப்போ கேட்டா அம்மா."

"ஊர்ல இருக்கறவா குரலையெல்லாம் காப்பாத்தறாளாம்," என்றாள் சித்தி, யாரையும் பார்க்காமல். "நம்மாத்துக் குரல்னா மட்டும் ஆயிரம் சட்டம்."

வெங்கடேஷ் டேப்பைக் கையில் எடுத்தான். கண்டபடி மெஷினில் செருகப் பார்த்தான். அவன் மாட்டினால் அறுந்துபோகும். ஜெயஸ்ரீ அதை வாங்கித் தானே மாட்டினாள்.

ஓடப்போவது ஒரே தடவை. அதையாவது சுத்தமாகப் பிடித்துவிட வேண்டும். அவசரத்தில் ரெஹான் இணைப்பு வயரைக் கொண்டுவரவில்லை. ஸ்பீக்கருக்கு எதிரே போனை வைத்துப் பதிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டையே அவள் ஊமையாக்கியது அதனால்தான்.

"யாரும் பேசப்படாது. பாட்டு முடியறவரைக்கும் அழவும் படாது."

"அழப்படாதாம்," என்று சித்தி முணுமுணுத்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ரெஹான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். "இன்னும் ஒண்ணு ஓடிக்கினு கீது, மேடம்."

எல்லோருக்கும்தான் கேட்டது. ஐஸ்பெட்டி இரைந்துகொண்டிருந்தது.

ஜெயஸ்ரீ யார் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து, சுவரோரத்து சுவிட்சை அணைத்தாள். பெட்டி ஒரு தரம் குலுங்கி அடங்கியது. போனில் பதிவை ஆரம்பித்து, மெஷினைத் திருகினாள்.

முதலில் கரகரப்பு. அப்புறம், பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல: "ஆரம்பிக்கட்டுமா? சிரிக்கப்படாது, சொல்லிட்டேன்."

வெங்கடேஷ் சுவரோடு சாய்ந்தான். குரல் சுருதியைத் தேடிப் பிடித்து, மெல்ல மேலேறியது. கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. ஜெயஸ்ரீ மட்டும் பாட்டைக் கேட்கவில்லை, மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழுப்புத் தூள் ஒதுங்கத் தொடங்கியிருந்தது.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். செருப்புக் காலோடு யாரோ ஓடிவந்தார்கள்.

"அம்மா பாடறா!" ஷண்முகப்ரியா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தைய விமானத்திலேயே இடம் கிடைத்து வந்துவிட்டாள். "அம்மா குரல்தானே அது? ஏண்ணா போயிட்டான்னு சொன்னே? அம்மா!"

அதுவரை அடக்கி வைத்திருந்த கூடம் மொத்தமாக உடைந்தது. அத்தனை அழுகைக்கும் அடியில் டேப் ஒரு தரம் கிறீச்சென்று வீறிட்டது. பிறகு சிக்கி நின்றுபோனது.

ப்ரியா பெட்டிமேல் விழுந்து கண்ணாடியில் கன்னத்தை வைத்தாள். சட்டென்று அவள் அழுகை நின்றது. நிமிர்ந்தாள். உள்ளங்கையால் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.

"மன்னி," என்றாள், மிக மெதுவாக. "இது ஜில்லுனே இல்லையே, மன்னி."

அந்தக் கண்களை ஜெயஸ்ரீயால் பார்க்க முடியவில்லை. சுவரோரம் போய்க் குனிந்தாள். சுவிட்சில் விரலை வைத்தாள். அழுத்தக் கொஞ்ச நேரமாயிற்று.

பெட்டி ஒரு தரம் குலுங்கி, மறுபடி இரையத் தொடங்கியது. ஸ்பீக்கருக்கு எதிரே போன் அதையும் பதிவு செய்துகொண்டிருந்தது.