கம்பத்தடியில் ஈரமில்லை

மேனாம்பேட்டில் யுவராணி குடியிருக்கும் தெருவில், மழைநீரை அளக்க நட்ட கம்பத்தைச் சுற்றி மட்டும் தண்ணீர் வருவதில்லை. தெரு முழுக்க முழங்கால்வரை நின்றாலும், நாலு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு வட்டம் காய்ந்தே கிடக்கும். மழையும் அங்கே வந்ததும் விலகி விழும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கம்பம் வந்த நாளிலிருந்து இப்படித்தான். அதற்கு முன் தண்ணீர் ஏறினால் கவுன்சிலர் வசந்தாவின் கதவைத் தட்டுவார்கள், அவர் தண்ணீர் இறைக்கும் மோட்டாரோடு ஆள் கூட்டி வருவார். இப்போது மோட்டாரை அனுப்புவது கட்டுப்பாட்டு அறை. அதற்கு அங்கே திரையில் தெரு சிவப்பாக மாற வேண்டும். கம்பம் நனையாததால் தெரு பச்சையாகவே இருந்தது.

அந்த ஐப்பசியில் மகள் கவிப்பிரியா பிரசவமாகி வந்திருந்தாள். கட்டில் சட்டத்தைத் தண்ணீர் தொட்டபோது, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்கும் வாசலுக்குமாக அலைந்த யுவராணி, தெருவில் நின்ற வசந்தாவைப் பார்த்து, “இன்னாக்கா, ஓட்டு வாங்கினது நீ, முடிவு பண்றது ஸ்கிரீனா?” என்றாள்.

“உன் தெரு காய்ஞ்சு கீதுன்றான்டி. நானே தண்ணியில நின்னுகினு பேசறேன், நம்ப மாட்றான்.”

“அடுத்த தபா ஓட்ட கம்பத்துக்கே போட்டுடறோம்.”

வசந்தா ஒரு பக்கெட் தண்ணீரை மொண்டு கம்பத்தின்மேல் வீசினார். அது பாதியில் வளைந்து அவர் தலையிலேயே விழுந்தது. எதிர்வீட்டு ஜாக்சன் துண்டு கொடுத்தான்.

யுவராணி கம்பத்தின் குறுக்குக் கம்பியில் தூளி கட்டினாள். குழந்தை உடனே தூங்கிவிட்டது. சாயங்காலம் ஜாக்சன் போனை நீட்டினான். கம்பத்தின் உச்சியில் இருந்த கேமரா எடுத்த படம்: காய்ந்த தரை, தூளி, பக்கத்தில் யுவராணி. ‘மேனாம்பேட்டில் இயல்பு நிலை’ என்று கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் கீழே போட்டிருந்தார்கள்.

“நீ இங்க குந்திகினு கீறவரைக்கும் மோட்டாரு வராதுக்கா.”

அவளுக்கும் அது புரிந்தது. தூளியை அவிழ்க்க எழுந்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பிஞ்சுக் கால் காய்ந்து, கதகதப்பாக இருந்தது. முடிச்சுவரை போன கை திரும்பிவிட்டது; மோட்டாரும் வரவில்லை. அன்று எழுந்து நின்ற உறுத்தல் ஒன்று அவளுக்குள் பிறகு உட்காரவே இல்லை.

பேத்தி நடை பழகியது அந்த வட்டத்துக்குள்தான். மழைக்கு மழை மற்ற வீட்டுத் தூளிகளும் கட்டில்களும் வந்து சேர்ந்தன. வசந்தா நாற்காலி போட்டு அங்கேயே மனு வாங்குகிறார். யுவராணி மட்டும் அந்தக் காய்ந்த தரையிலும், தண்ணீரில் நடப்பதுபோல, புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே நடக்கிறாள். அங்கே ஏன் நனைவதில்லை என்று யாரும் கேட்பதில்லை. மேகம் கறுத்தால், இடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.