பெயரின் நடுவே ஓர் இடைவெளி

அந்தப் பட்டறையின் மாடியறையில் எவரும் எழுதி வைக்காத, ஆனால் எவரும் மீறாத விதி ஒன்று இருந்தது: முதலாளி ஃபோல்டருக்குச் சூட்டிய பெயரில் குறை உண்டென்று முதலாளியிடம் மூச்சுவிடக் கூடாது.

‘பிரஸ் இறுதி’ என்பது அந்தப் பெயர். கீழ்த்தளத்தில் தகடு வளைக்கும் பிரஸ் இயந்திரத்தை இயக்குகிற நிரல் முழுவதும் அதற்குள் இருந்தது. அந்த நிரலை இயந்திரத்துக்குப் புரியும் வடிவில் மாற்றித் தரும் பழைய கம்பைலரோ, இரண்டு சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியோடு பாதை முடிந்துவிட்டதாக எண்ணி, ‘பிரஸ்’ என்றொரு ஃபோல்டரைத் தேடி, காணாமல், நின்றுவிடும். முன்பு அங்கே வேலை பார்த்த ஒருவன் இதை முகத்துக்கு நேரே சொன்னான். மேசையிலிருந்த கீபோர்டு அவன் நெற்றியில் பட்டு இரண்டாக உடைந்தது. அன்றுமுதல் எல்லோரும் ஃபைல்களைக் கமுக்கமாக வேறோர் இடத்துக்கு நகலெடுத்து, அங்கே கம்பைல் செய்து, விளைந்ததை மட்டும் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். முதலாளியின் தங்கையும் அப்படித்தான் செய்தாள்; நிரலை எழுதிய அவள் கணவனும் அப்படித்தான்.

இன்று வாடிக்கையாளர் வாசலில் காத்திருக்க, முதலாளி தானே கம்பைலரை ஓட்டினார். நேற்று ஏதோ வரைபடம் தேடியவர், ‘பிரஸ்’ என்ற பழைய ஃபோல்டரைச் சேமிப்பிலிருந்து வெளியே எடுத்து, ‘பிரஸ் இறுதி’க்குப் பக்கத்திலேயே விட்டிருந்தார். கம்பைலர் இடைவெளியில் நின்றது. இம்முறை தேடியது கிடைத்துவிட்டது. கை குறுக்கே வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் பகுதி எழுதப்படுவதற்கு முந்தைய நிரல் அது. திரையில் ஒரு பிழைகூட வரவில்லை.

“நீங்க அரைநாள் உருட்டுறத அரை நிமிஷத்துல முடிச்சிட்டேன் பாருங்க! சம்பளம்தான் தண்டம்,” என்று சிரித்தபடி அவர் அதைக் கீழே கொண்டுபோய் இயந்திரத்தில் ஏற்றினார்.

நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடும் ஆபரேட்டர், கோணலாக இருந்த தகட்டை நேராக்கக் கையை நீட்டினான். வழக்கமாக நின்றுவிடும் பிரஸ் நிற்கவில்லை. அவன் அலறல் மாடியின் கண்ணாடித் தடுப்பை அதிரவைத்தது.

அவனை வண்டியில் ஏற்றி அனுப்பியபின் முதலாளி மாடியேறி வந்தார். சட்டையெல்லாம் இரத்தம், கையில் நீளமான ஸ்பேனர்.

“மாப்ள! நெட்டையன் விரலப் பொறுக்கி ஐஸ்ல போட்டு அனுப்பிட்டு வரேன். என்னடா எழுதி வச்ச?”

“மச்சான், நிறுத்துற பகுதி அதுல இருக்கு. நேத்துகூட சோதிச்சுப் பாத்தேன்.”

“அப்போ மிஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?”

ஸ்பேனர் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த ஓசை பக்கத்து மேசையிலிருந்த தங்கைக்குத் தெளிவாகக் கேட்டது. நாற்காலியோடு சரிந்தவனின் விலாவில் முதலாளியின் பூட்ஸ் பாய்ந்தது, மீண்டும் பாய்ந்தது. மற்ற இரண்டு புரோகிராமர்களும் தலை நிமிராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தங்கச்சிய கட்டுனவனாச்சேன்னு வேலை குடுத்தா, என் தலையிலயே கைய வைக்கிறியா? போலீஸ் வந்துக்கிட்டு இருக்கு. ‘நான்தான் எழுதினேன், என் தப்பு’ன்னு சொல்ற. இல்ல, அவங்க கேக்குறப்போ பதில் சொல்ல உனக்கு வாய் இருக்காது.”

தரையில் கிடந்தவன் வாயில் ஊறிய இரத்தத்தை விழுங்கினான். “சொல்றேன் மச்சான்,” என்றான். எழுந்த மனைவியைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

அவள் முதலாளியின் திரையைப் பார்த்துவிட்டிருந்தாள். கம்பைலர் எடுத்துக்கொண்ட பாதை அங்கே தெரிந்தது. அது ‘பிரஸ்’ என்பதோடு நின்றிருந்தது; ‘இறுதி’ இல்லை. நகலெடுக்கும் வழியை அண்ணனிடமிருந்து மறைத்தவர்களில் அவளும் ஒருத்தி. ஒருவர் வாயைத் திறந்திருந்தாலும் நெட்டையனுக்கு விரல்கள் இருந்திருக்கும். இப்போதும் திறக்காவிட்டால், அந்த விரல்களுக்காகச் சிறைக்குப் போகப்போகிறவன் அவள் கணவன்.

அவள் இருவருக்கும் நடுவே போய் நின்றாள். முதலாளி தள்ளிய வேகத்தில் மேசை விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. மேசையைப் பிடித்தபடி எழுந்தாள்.

“அண்ணா, தப்பு அவர் எழுதினதுல இல்ல. நீ வச்ச பேருல இருக்கு. நடுவுல நீ விட்ட இடத்தத் தாண்டி கம்பைலர் போகாது. நீ வெளிய போட்டிருந்த பழசத்தான் மிஷின்ல ஏத்தியிருக்க. இங்க எல்லாருக்கும் இது தெரியும். உனக்கு மட்டுந்தான் தெரியாது. உங்கிட்ட சொல்ல எங்களுக்குப் பயம்.”

திரைகளிலிருந்து இரண்டு தலைகள் நிமிர்ந்தன. ஸ்பேனர் மேலே எழுந்தது. கீழே போலீஸ் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் விலகவில்லை, படிக்கட்டுவரை கேட்கும் குரலில், முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.