யாரும் இறங்கக் கூடாது

வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போய்வந்ததும், அண்ணன் பென்னி என் சக்கர நாற்காலிக்கு முன்னால் குனிந்து, "ஜானட், கால்ல எதுனா தெரியுதா?" என்று கேட்பான். ஒன்றும் தெரியாது என்பேன். ராயபுரத்தில் எங்கள் தெருவே முகத்தைத் தொங்கப்போடும், ஏதோ நான்தான் மாதாவை ஏமாற்றிவிட்டதுபோல.

"இந்த வருஷம் மாதாவுக்கும் லீவு குடுண்ணா" என்று சொல்லிவிட்டு, சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொள்ளும் காட்டு சஃபாரிக்குப் பதிவு செய்தேன். துணைக்கு அவனும் வந்தான்.

சாய்பலகை வழியாக ஜீப்பில் ஏற்றி, நாற்காலியை பெல்ட் போட்டுக் கட்டினார்கள். "யாரா இருந்தாலும் எழுந்திருக்கக் கூடாது, இறங்கக் கூடாது" என்றார் வழிகாட்டி. என்னை எழுந்து நடக்கச் சொல்லாத ஒரு மனிதரைக் காட்டில்தான் பார்க்க முடிந்தது.

புலி வரவில்லை. மான்கள் வந்து எங்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. பாதி வழியிலேயே பென்னி நெளிய ஆரம்பித்தான்.

"இன்னா பேஜாரு இது! எம்மா நேரம் இப்டியே குந்திகினு கீறது? மன்சனால முடியுமா? காலு ரெண்டும் மரத்துப் பூட்ச்சு."

நான் அவன் முட்டியைத் தட்டினேன்.

"கால்ல எதுனா தெரியுதாண்ணா?"