இன்ஷாவின் ‘முதல’

தாரிக்குக்கு மீன் பிடிக்கிற ஆசை எவ்வளவு உண்டோ, பயமும் அவ்வளவு உண்டு. ரெண்டும் ஒரே ஆளுக்குள் எப்படித்தான் குடித்தனம் நடத்துதோ, அல்லாஹ்வுக்கே வெளிச்சம்! சான்டா கிளாராவில் இருந்தபோது ரெண்டு மூணு தூண்டில் ராடு, இரைக்குப் பெட்டி நிறைய ரப்பர் புழு, ரப்பர் தவளை என்று ராஜா மாதிரி இருந்தான். லேஆஃப் வந்தது. எல்லாத்தையும் வித்துட்டு டெக்ஸாஸ் வந்து சேர்ந்தான். வருஷக்கணக்கா அடங்கிக் கிடந்த கை இந்த வசந்தத்தில் மறுபடி அரிக்க ஆரம்பித்தது.

“வீட்டு லோன் கழுத்தை நெரிக்குது, இதுல உங்களுக்கு மீன் வேறயா?” என்று மனைவி பஸீலா முறைத்தாள். கெஞ்சிக் கூத்தாடி வாங்கின அனுமதி இதுதான்: கிளியரன்ஸ் சேலில் கிடந்த ஒரு ராடு, அதோடவே வந்த நூல் சுத்துற ரீல், ஒரே ஒரு ரப்பர் தவளை. கூடவே ஒரு கண்டிஷனும் போட்டாள்.

“இன்ஷாவையும் கூட்டிட்டுப் போங்க. அங்க இருக்கிற வரைக்கும் தமிழ்லதான் பேசணும். எதைக் கேட்டாலும் இங்கிலீஷ்லயே பதில் சொல்றா.”

ஏழு வயசு மகள் இன்ஷாவுக்குத் தமிழ் புரியும். வாயில் வருவதுதான் பாடு. அதிலும் ‘முதல்ல’ என்ற வார்த்தை அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ‘ல்ல’வை அழுத்தத் தெரியாமல் ‘முதல’ என்பாள். “அத்தா, முதல ஐஸ்கிரீம், அப்புறம் ஹோம்வொர்க்” என்றால் போதும், “ஐயையோ, முதலைக்கா ஐஸ்கிரீம்? எங்கே முதலை?” என்று தாரிக் சோபாவுக்கு அடியில் தேடுவான். உத்தமபாளையத்திலிருந்து வீடியோ கால் போடுகிற பெரியத்தாவும் “எங்க நம்ம முதலை?” என்றுதான் ஆரம்பிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். இன்ஷாவும் சிரிப்பாள், கொஞ்சம் லேட்டாக.

சுகர் லேண்டிலிருந்து கொஞ்ச தூரம் டிரைவ் பண்ணினால் ஸ்டேட் பார்க், அதுக்குள் ஏரி. கரையில் நின்று பிடிக்க லைசென்ஸ்கூட வேண்டாம், கைச்சுருக்கக்காரனுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனால் வாசலிலேயே போர்டு வைத்திருந்தார்கள், ஏரியில் முதலைகள் உண்டு, தள்ளி நிற்கவும் என்று. தாரிக் ஓர் அடி பின்னால் வைத்தான். திரும்பிப் போனால் பஸீலா சிரிப்பாளே! மிதந்த கட்டை ஒவ்வொன்றையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். மேட்டில் ஒரு மரத்தடியில் இன்ஷாவை உட்கார வைத்து, “இந்த இடத்தை விட்டு ஓர் அடி நகரக் கூடாது. இங்கிலீஷ் பேசினா அப்பவே வீட்டுக்குப் போயிடுவோம்” என்றான். அவள் தலையாட்டினாள்.

பாஸ் மீன் அல்லி இலைக்கு அடியில் பதுங்கி இருக்கும். மேலே தவளை தத்தினால் பாய்ந்து கவ்வும். தாரிக் வீசினான், இழுத்தான், வீசினான். கை பழசை மறக்கவில்லை. என்ன சந்தோஷம்! பயம்கூட சித்த நேரம் மறந்துபோச்சு. அடுத்த வீச்சில் தவளை அல்லித்தண்டில் போய் மாட்டிக்கொண்டது.

பழைய தாரிக்காக இருந்தால் நூலை அறுத்துவிட்டு அடுத்ததைக் கட்டியிருப்பான். இப்போது அடுத்தது என்று ஒன்று இருந்தால்தானே? ராடைக் கரையில் போட்டான். இடமும் வலமும் பார்த்தான். ஒன்றும் இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி நூலைப் பிடித்துக்கொண்டே இறங்கினான். சேறு முழங்கால்வரை இழுத்தது. குனிந்து தண்டைத் துழாவினான்.

“அத்தா, முதல...”

“முதல்ல என்னடா?” நிமிராமலே கேட்டான்.

“முதல... தண்ணி!”

“முதல்ல தண்ணியா? பையில பாட்டில் இருக்கு பாரு, குடி.” சத்தமாகவே சிரித்தான். இந்தப் பொண்ணுக்கு இந்த ஜென்மத்தில் அந்த வார்த்தை வராது.

“அத்தா! முதல! முதல!” குரல் உடைந்து, கிட்டத்தில் கேட்டது. திட்டுவதற்காகத் திரும்பினான். இன்ஷா மேட்டை விட்டு இறங்கி வந்திருந்தாள். ஒரு கால் ஷூவோடு தண்ணீரில் இருந்தது. கண்ணில் நீர் கொட்ட, கோரைப்புல் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கே ரெண்டு கண்ணும் ஒரு மூக்கும் தண்ணீர்மேல் வந்துகொண்டிருந்தன. அவனைப் பார்த்து இல்லை, அவளைப் பார்த்து. சத்தமே இல்லை. பிறகு அந்தக் கண்களும் உள்ளே போய்விட்டன.

யா அல்லாஹ், இப்ப எங்கே இருக்கு? அதுதான் தெரியவில்லை. கால் சேற்றை விட்டு வர மறுத்தது. செருப்பை உள்ளேயே விட்டுக் காலைப் பிடுங்கி, விழுந்து, தவழ்ந்து, பிள்ளையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினான். பின்னால் தண்ணீர் பளாரென்று அடித்தது. மரத்தடியில் நின்று திரும்பினபோது கரையில் கிடந்த ராடு தானாக நகர்ந்தது. தவளையோடு, நூலோடு, ரீலோடு ஏரிக்குள் இறங்கிக் காணாமல் போனது.

காரில் ஏறிக் கதவைப் பூட்டினான். சாவியை அழுத்தினான், மறுபடியும் பூட்டினான். பின் சீட்டில் இன்ஷா ரெண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் ஷூ இல்லை.

“ஏண்டா, அலிகேட்டர்னு கத்தியிருக்கலாமேடா!”

“இங்கிலீஷ் பேசினா வீட்டுக்குப் போயிடுவோம்னு சொன்னீங்களே.”

அவன் காரைக் கிளப்பினான். ஃப்ரீவே வந்தது. அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிக் கேட்டாள்.

“அத்தா, இந்தத் தடவை நான் கரெக்டா சொன்னேன். நீங்க ஏன் சிரிச்சீங்க?”

தாரிக் காரை ஓரம் கட்டி நிறுத்தினான். திரும்பி, ஷூ இல்லாத அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.