தைத்துக் கொடுத்த மெத்தைகள்

சுரங்கக் குடியிருப்பில் அவளைத் தையல்காரி என்று சொன்னால்தான் தெரியும். கட்டியவன் திறந்தவெளிச் சுரங்கத்தில் டம்பர் ஓட்டுகிறவன். கூடப் பிறந்த அண்ணன் அதே சுரங்கத்தில் ஷவல் என்னும் அள்ளும் இயந்திரத்தை இயக்குகிறவன். அண்ணன் பாறையை அள்ளிப் போடுவான்; புருஷன் அதைச் சுமந்துகொண்டுபோய் அரவை ஆலையில் கொட்டுவான். "எனக்குக் கல்யாணம் ஆகி இத்தனை வருஷமாச்சு, எங்க அண்ணன் இன்னும் அள்ளிக் கொடுத்துக்கிட்டே இருக்கு, இவரும் வாங்கிக்கிட்டே இருக்கார்" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். அந்த இருவரும் உறவாவதற்கு முன்பே கூட்டாளிகள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதனால் மச்சான், மாப்பிள்ளை என்ற அழைப்பு மட்டும்தான் புதிது. வா போ என்று பேசுவது பழையபடியே இருந்தது.

டம்பர் என்றால் சாலையில் ஓடும் லாரி இல்லை. அதன் சக்கரமே ஆளைவிட உயரம். ஓட்டுநரின் அறைக்குப் போவதற்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். அவன் இருக்கைக்கு அடியில் ஒரு காற்றுப் பை இருக்கும். கீழிருந்து வரும் அதிர்வை எல்லாம் அதுதான் வாங்கிக்கொள்ளும். அந்தப் பை செத்துப்போனால் இருக்கை இரும்போடு இரும்பாக உட்கார்ந்துவிடும். பிறகு பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு குலுக்கலும் நேராக முதுகுத்தண்டுக்குத்தான்.

அவள் புருஷனுடைய வண்டியில் அந்தப் பை செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. வண்டி பழுதுபார்க்கும் ஷெட்டில் சொன்னான். "பார்ட்ஸ் வரலைப்பா, வந்ததும் மாத்திடலாம்" என்றார்கள். மறுபடியும் சொன்னான். மறுபடியும் அதே பதில். ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் வாசற்படியில் கைவைத்துக் கிழவனைப்போல ஏறுவதைப் பார்த்துவிட்டு, அவள் பழைய மெத்தையைப் பிரித்தாள். பஞ்சையும் ஸ்பாஞ்சையும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே தடித்த துணியைப் போட்டு இருக்கையின் அளவுக்கு ஒரு மெத்தை தைத்தாள். இரண்டு ஊசி ஒடிந்தது.

மறுநாள் அவன் வரும்போதே குரல் உற்சாகமாக இருந்தது. "மகாராஜா மாதிரி இருந்தேன்டி. எல்லாப் பயலும் வந்து அமுக்கி அமுக்கிப் பார்க்கிறான்."

அமுக்கிப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அளவு சொல்லும்போதே வலியையும் சொன்னார்கள். ஒருவனுக்கு இடுப்பு. ஒருவனுக்குக் கழுத்து. ஒருவனுக்கு வலது கால் மரத்துப்போகிறது. அவள் கேட்டுக்கொண்டே பஞ்சைக் கூட்டிக் குறைத்துத் தைத்தாள். "முதுகு வலிக்கு ஊர்ல டாக்டர்கிட்ட போவான், நம்ம ஆளுங்க தையல்காரிகிட்ட வர்றானுங்க" என்று அண்ணன் கேலி செய்தான். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அது நடந்தது ஒரு காலை நேரத்தில். அவளுக்குப் பிற்பாடுதான் முழுவதும் தெரிந்தது.

காலியான டம்பரில் முதலில் பொடிமண்ணைத்தான் போட வேண்டும். மண் ஒரு படுக்கையாக விழுந்தபிறகு அதன்மேல் கல்லைப் போட்டால் வண்டி அதிராது. இது ஷவல் ஓட்டும் எவனுக்கும் பாலபாடம். ஆனால் அன்று வெடி வைத்த இடத்தில் மண் தீர்ந்து பாறை மட்டும் கிடந்தது. அரவை ஆலை காலியாக ஓடிக்கொண்டிருந்தது. "என்னப்பா, அங்க தூங்குறீங்களா? வண்டியை அனுப்புங்க" என்று வாக்கிடாக்கி நச்சரித்தது. அண்ணன் பக்கெட்டை நிரப்பித் தூக்கினான். புழுதியில் உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. திறந்ததும் ஒற்றைப் பாறை, ஒரு மாட்டுவண்டி அளவு, உயரத்திலிருந்து காலி வண்டிக்குள் விழுந்தது.

டம்பர் முன்பக்கம் எகிறிக் கீழே உட்கார்ந்தது.

மேலும் இரண்டு பக்கெட் போட்டுவிட்டு, நிரம்பிவிட்டது, போகலாம் என்பதற்காக அண்ணன் ஹாரன் அடித்தான். வண்டி நகரவில்லை. மறுபடி அடித்தான். பிறகு வாக்கிடாக்கியை எடுத்தான்.

"மாப்பிள்ளை, கிளம்பு."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. அப்புறம் புருஷனின் குரல், பதற்றமே இல்லாமல்: "மச்சான், என் காலு எங்க இருக்குன்னு தெரியலை."

ஷவலை அப்படியே போட்டுவிட்டு அண்ணன் ஓடினான். ஏணியில் ஏறி, கிரேனும் ஸ்ட்ரெச்சரும் வரும்வரை மாப்பிள்ளையின் தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதுகுத்தண்டில் ஓர் எலும்பு நொறுங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். காலில் உணர்வு திரும்ப வந்தது, ஆனால் எறும்பு ஊர்வதுபோல மெல்ல மெல்ல. "நடப்பார். ஆனால் அதிர்வு தாங்கும் முதுகு இல்லை இனி" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் புழுதி படிந்த சட்டையோடு நின்ற அண்ணனை அவள் அப்போதுதான் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் திறந்துவிட்டாள்.

"பேசாதே. உன் கையால போட்டதுதானே? வேற எவனாவது போட்டிருந்தாகூட மனசு ஆறும். கூடப் பிறந்தவன் நீ போட்டிருக்கே. என் வீட்டு வாசல்ல கால் வைக்காதே."

அவன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனான்.

புருஷனை வீட்டுக்கு அழைத்து வந்தபிறகும் அவள் இறங்கி வரவில்லை. அண்ணன் தெருமுனைவரை வருவான். அவளுடைய சின்ன மகள் "மாமா" என்று ஓடுவாள். அவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். புருஷனால் உட்கார முடியாது. ஒன்று படுக்க வேண்டும், இல்லையென்றால் நிற்க வேண்டும். அலமாரியின்மேல் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிடுவான். "நின்னுக்கிட்டே திங்கிறது குதிரையும் நானும்தான்" என்று மகளைச் சிரிக்க வைப்பான். மகள் தூங்கியபிறகு சிரிப்பு போய்விடும். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அவன் பாரம் பெரிது. அவனைக் குளியலறைக்குத் தாங்கிப் போவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கும். ஒருநாள் ஈரத் தரையில் இருவரும் சேர்ந்து விழப்போனார்கள்.

எதிர்வீட்டு அக்கா வந்தது அந்த வாரத்தில்தான். அவள் புருஷனும் டம்பர் ஓட்டுகிறவர். அக்குளில் பழைய மெத்தை ஒன்றை இடுக்கியிருந்தாள்.

"இந்தக் கஷ்டத்துல உன்னைக் கேட்கக் கூடாது. ஆனா இது அமுங்கிப் போச்சு தையல்காரி. அவருக்கு இப்போ ரெண்டு காலும் மரத்துப் போகுதாம். கொஞ்சம் பஞ்சு வெச்சுத் தச்சுக் கொடுத்தீன்னா..."

"வெச்சுட்டுப் போங்கக்கா."

அவள் மெத்தையை மடியில் வைத்து அமுக்கினாள். ஒரு பக்கம் அமுக்கிய விரல் மறுபக்கம் தட்டுப்பட்டது. உள்ளே பஞ்சு என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு மனிதனின் முதுகுக்கும் கீழே இருக்கும் இரும்புக்கும் நடுவில் அந்தத் துணி மட்டும்தான். கத்தரியை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மெத்தை என்றால் ஒரு செத்த இருக்கை. எத்தனை மெத்தை தைத்தோம்? அத்தனை வண்டியிலும்?

உள்ளே போனாள். "ஏங்க, சீட்டைப் பத்தி ஷெட்ல சொன்னீங்களே, அப்புறம் என்னாச்சு?"

"பார்ட்ஸ் வரலைன்னாங்க."

"அதுக்கு அப்புறமும் சொன்னீங்களா?"

அவன் யோசித்தான். "இல்லை. நீ மெத்தை தச்சுக் கொடுத்தே. கொஞ்சம் பரவாயில்லைன்னு ஆயிடுச்சு. எல்லாரும் அப்படியே விட்டுட்டோம்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவன் கையை நீட்டினான். "ஏய், உன்னைச் சொல்லலை."

"நீங்க சொல்லலை. நான்தான் சொல்லிக்கிறேன்."

"மச்சானையும் திட்டாதே. அவன் கல்லைப் பார்த்திருக்கணும். இல்லைன்னு சொல்லலை. ஆனா சீட்டு உயிரோட இருந்திருந்தா இடுப்பு பிடிச்சுக்கிட்டு நாலு நாள் படுத்திருப்பேன். அவ்வளவுதான்."

அன்று அவள் தையல் இயந்திரத்தின் மேல்மூடியைத் திறக்கவில்லை. பழைய மெத்தையை எதிர்வீட்டில் திருப்பிக் கொடுத்தாள். "தைக்க மாட்டேன்க்கா. கோபிச்சுக்காதீங்க. இது இல்லாம உட்காரச் சொல்லுங்க. முடியலைன்னா வண்டியை எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க." அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

விசாரணை சுரங்க அலுவலகத்தில் நடந்தது. வெளியிலிருந்து சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்திருந்தார். கொஞ்சம் பருத்த உடம்பு, நரைத்த தலை, அதிகம் பேசாதவர். புருஷனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தையல்காரியும் போனாள்.

"உட்காருப்பா" என்று மேனேஜர் பழக்கத்தில் நாற்காலியைக் காட்டினார்.

"உட்கார முடிஞ்சா வண்டியிலேயே இருந்திருப்பேன் சார்" என்றான் அவன். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான்.

மேனேஜர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டார். ஷவல் ஆபரேட்டரின் கவனக்குறைவு. மண் போடாமல் கல்லைப் போட்டது விதிக்கு விரோதம். ஆய்வாளர் அண்ணனைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றான் அண்ணன். "கல்லு என் பக்கெட்லேர்ந்துதான் விழுந்தது. அவசரப்படுத்தினாங்கதான். ஆனா லீவர் என் கையிலதான் இருந்தது. நான் நிறுத்தியிருக்கலாம்."

அவன் வேறு யாரையும் இழுக்கவில்லை. தங்கை இருக்கும் பக்கம் திரும்பவும் இல்லை. அந்தக் குனிந்த பிடரியையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப சரி" என்று மேனேஜர் எழுந்தார்.

"ஒரு நிமிஷம்மா" என்றாள் அவள். தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. "என்னை யாரும் கேட்கலை. ஆனாலும் சொல்லிடறேன். நான் தையல் வேலை செய்யறவ. இங்க ஓடுற டம்பர்ல பாதிக்கு மேல நான் தச்ச மெத்தை கிடக்கு. சீட்டு செத்துப் போனதாலதான் அதைப் போட்டு உட்கார்றாங்க. வலி தெரியாம இருக்கட்டும்னு தச்சேன். தப்புப் பண்ணிட்டேன்னு இப்பத்தான் புரியுது."

"அதெல்லாம் அவங்க சௌகரியத்துக்குப் போட்டுக்கிறது மேடம்" என்றார் மேனேஜர்.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வண்டி எங்கே நிக்குது?" என்று கேட்டார்.

வெளியே வரிசையாக நின்ற டம்பர்களில் ஒன்றின் ஏணியில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி அவரே ஏறினார். எதிர்வீட்டுக்காரரின் வண்டி அது. மெத்தையை எடுத்து வெளியே போட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் எதிர்வீட்டுக்காரரை அந்த இருக்கையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மெத்தை இல்லாமல் பள்ளத்துக்குப் போய் வரச் சொன்னார். திரும்பி வந்தபோது ஓட்டுநரின் நெற்றி முழுக்க வியர்வை. இறங்கும்போது கால் ஏணிப்படியைத் தேடித் துழாவியது. ஆய்வாளரும் இடுப்பில் கைவைத்துக்கொண்டுதான் இறங்கினார்.

"காலி வண்டியே இப்படின்னா, ஏத்தின வண்டி எப்படி இருக்கும்?"

"ஏத்தின வண்டி பரவாயில்லைங்கம்மா" என்றார் எதிர்வீட்டுக்காரர். "ஏத்துற நேரம்தான் உயிர் போகும்."

செத்த இருக்கையுள்ள வண்டி எதுவும் மாற்றும்வரை ஓடக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவாயிற்று. வராத பார்ட்ஸ் எல்லாம் எங்கிருந்தோ வந்தன. அதுவரை பாதி வண்டிகள் நின்றன, பாதிப் பேருக்கு வேலை இல்லை. குழாயடியில் தையல்காரியைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோகும். "இவ வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்று காதுபடவே ஒருத்தி சொன்னாள். அண்ணனை ஷவலிலிருந்து இறக்கிச் சாலைக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையில் போட்டார்கள்.

ஆனால் அவை பிறகு நடந்தவை. விசாரணை முடிந்த அன்று, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அண்ணன் தனியாக நின்றான். புருஷனை நிழலில் நிறுத்திவிட்டு அவள் அவனிடம் போனாள்.

"உன்னை மட்டுமே வைஞ்சுக்கிட்டு இருந்துட்டேண்ணே."

"வையி. எனக்கு அதுவும் வேணும்தான்."

"போதும். வீட்டுக்கு வா. அவரைக் குளிக்க வைக்க எனக்கு ஓர் ஆள் வேணும். என்னால தூக்க முடியலை."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்ப வரணும்?" என்றான்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைக் குழந்தையைப்போல அணைத்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனான். வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்குப் பேச்சு கேட்டது.

"மெதுவா மச்சான். நான் மனுஷன், லோடு இல்லை."

தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் நின்றது. பிறகு அண்ணன் அழுவது கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவனின் விக்கல்.

"அட, என்னடா இது" என்றது புருஷனின் குரல். "தழும்பைப் பார்க்காதே. தண்ணியை ஊத்து. குளிருது."

தண்ணீர் மறுபடி விழுந்தது. அவள் மடித்த துணியையே உதறி உதறி மறுபடியும் மடித்தாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது புருஷன் கைத்தடி இல்லாமல் நடந்தான். இனி டம்பர் கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். பள்ளத்தைப் பார்த்தாற்போல் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் வேலை கொடுத்தார்கள்; வாக்கிடாக்கியில் வண்டிகளுக்கு வழி சொல்ல வேண்டும், நின்றுகொண்டும் செய்யலாம். முதல் நாள் அவனால் குனிய முடியாததால் அவள்தான் ஷூ மாட்டிவிட்டாள். மத்தியானம் முழுக்க அவளுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை.

சாயங்காலம் வந்தவன் பாயில் மல்லாந்து படுத்தான். முகம் வெளிறியிருந்தது.

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது. அது இருந்துட்டுப் போகட்டும்." கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். "அந்த ஜன்னல்லேர்ந்து எல்லா வண்டியும் தெரியுது. ஒருத்தன் ஏணியில இறங்கும்போது கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான். எனக்குத்தான் தெரியுமே அந்த நிப்பு. முதலுதவி அறைக்குப் போகச் சொன்னேன். ஒண்ணுமில்லைன்னான். போகாம இந்த வண்டிக்கு நான் வழி விட மாட்டேன்னுட்டேன்."

"போனானா?"

"போனான். என்னைக் கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டே போனான்."

"திட்டட்டும்" என்று சொல்லிவிட்டு, அவன் காலிலிருந்து ஷூவைக் கழற்ற அவள் கீழே உட்கார்ந்தாள்.