நான்காவது முறை

எங்கள் அலுவலகத்தில் யாராவது ஒரு வேலையைக் கையால் மூன்று முறை செய்துவிட்டால், கணினியின் கறுப்புத் திரையில் அதற்கொரு கட்டளை தானாகப் பிறந்துவிடும். நான்காவது முறையிலிருந்து அந்த வேலையைக் கட்டளையே பார்த்துக்கொள்ளும். பழைய கோப்புகளை அழிப்பது, படுத்துவிட்ட சர்வரை எழுப்புவது, மேலாளருக்குத் தினசரி அறிக்கை அனுப்புவது எல்லாம் அப்படித்தான் நடக்கின்றன. ஜெபராஜ் ஒருநாள் மூன்று முறை தும்மினார். இப்போது அவர் விடுப்பில் இருந்தாலும் அவர் நாற்காலி தும்முகிறது. நாங்களும் மரியாதைக்கு "நூறாயுசு" சொல்கிறோம்.

பக்கத்து வரிசைக் கோகிலவாணியிடம் கல்யாணப் பேச்சை எடுக்க மூன்று நாள் அவள் மேசைக்குப் போனேன். மூன்று நாளும் "சார்ஜர் இருக்குங்களா?" என்று கேட்டு, வாங்கிக்கொண்டு திரும்பினேன். நான் அவ்வளவு பெரிய கோழை. நாலாம் நாள் பதினோரு மணிக்குக் கால்கள் தாமாக எழுந்து போயின, வாய் தானாகக் கேட்டது. அவளும் மூன்று முறை கொடுத்திருந்தாள் அல்லவா, அவள் இழுப்பறை தானாகத் திறந்து ஒரு சார்ஜரை நீட்டியது. ஒன்றரை மாதத்தில் என்னிடம் முப்பத்திரண்டு சார்ஜர்கள் சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்கத் திருப்பூரிலிருந்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கட்டளையை நிறுத்தப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது திரை. அது யார் எதிரில் பிறந்ததோ அவர்தான் கண்ட்ரோல், சி என்ற இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்தி நிறுத்த வேண்டும். அழுத்தச் சொல்லி அவளுக்கு மெயில் எழுதினேன். மெயிலும் சார்ஜர்தான் கேட்டது.

வியாழக்கிழமை பதினோரு மணி. சார்ஜரை வாங்கிக்கொண்டு கால்கள் திரும்பின. கோகிலவாணி இரண்டு விரலை விசைப்பலகையில் வைத்து அழுத்தினாள். கால்கள் நின்றன.

"ஒரு லேப்டாப்புக்கு எத்தன சார்ஜருங்க?" என்றாள். "வந்த விசயத்த இப்பச் சொல்லுங்க."

மூச்சு விடாமல் சொன்னேன்.

"இதுக்குத்தானா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, திருப்பூர்க்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லும்படி வீட்டுக்குப் போன் போட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குதித்தேன். இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டேன்.

தை மாதம் கல்யாணம். யாருக்கும் விடுப்பு கிடைக்காததால் அலுவலகம் மொத்தமும் மடிக்கணினியோடு மண்டபத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தது. மணப்பெண் மடியிலும் ஒன்று இருந்தது. முதல் முடிச்சை நான் போட்டேன். வழக்கப்படி அடுத்த இரண்டையும் என் அக்கா போட்டாள். நாலாவது முடிச்சு தானே விழுந்தது. பிறகு ஐந்தாவது, ஆறாவது. முடிச்சுக்கு ஏற்றபடி கயிறும் வளர்ந்துகொண்டே போனது.

கோகிலவாணியின் இரண்டு விரலும் விசைகளின் மேல் இருந்தன. "நிறுத்தட்டுங்களா?" என்றாள்.

"ஓடட்டும்," என்றேன்.

அவள் விரல்களை எடுத்துவிட்டாள்.

மூன்றாம் பந்தி முடியும்போது மஞ்சள் கயிறு மண்டப வாசலைத் தாண்டிப் போய்ப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறியிருந்தது. கண்டக்டர் அதற்கு ஜன்னலோரம் இடம் போட்டுக் கொடுத்தார்.