படுத்தால் ஏறும் கை

ஆலத்தியூரில் எந்தக் கிரிக்கெட் மேட்ச் நடந்தாலும் என் வீட்டுக்காரர் தங்கராசுதான் அம்பயர். அவர் வலது கை மேலே போய்விட்டால் எவனும் மறுபேச்சு பேசமாட்டான். சிமெண்ட் மூட்டை தூக்கித் தூக்கி, 2004-ல் அந்தக் கையே தூக்க முடியாமல் போய்விட்டது.

திருச்சி டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “தோள்ல தசைநார் அறுந்து உள்ள சுருங்கிடுச்சு. தைச்சாலும் நிக்காதுங்க. வலிக்கு ஊசி போடலாம். முதுகுத் தசையை எடுத்துத் தோள்ல சேர்க்கலாம். வெளிநாட்டுல செயற்கை மூட்டு வைக்கிறாங்க. இல்லேன்னா மிச்சமிருக்கற தசையைப் பழக்கலாம்.”

“முதுகுலேருந்து எடுத்துட்டா முதுகுக்கு எங்க போறதுங்க?” என்று கேட்டுவிட்டு இவர் பயிற்சிக்குத் தலையாட்டினார். முதலில் மல்லாந்து படுத்துக் கையைத் தூக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து, கடைசியில் நின்றுகொண்டு.

சில வாரங்களில், படுத்தால் கை ஜோராக ஏறியது. நின்றால் இடுப்பைத் தாண்டவில்லை.

“இடது கையத் தூக்குங்களேன்” என்றேன்.

“ஒரு மனுசன இடது கையால போன்னு சொல்றதா? வெளங்குமாடி?”

பொங்கலுக்கு எங்களுக்கும் கீழப்பழுவூருக்கும் ஃபைனல். அம்பயராக நிற்க வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே! கடைசி விக்கெட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது எங்கள் மகன் பிரேம்குமார். பந்து அவன் காலில் பட்டதும் கீழப்பழுவூர்க்காரர்கள் மொத்தமாகக் கத்தினார்கள். இவர் “அவுட்” என்றார். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? கையோ ஏறவில்லை.

“மவன்னா கை ஏறாதோ?” என்றான் அவர்கள் கேப்டன் அறிவழகன்.

இத்தனை வருசத்தில் அவரைப் பார்த்து ஒருத்தன் அப்படிக் கேட்டதில்லை. அவர் முகம் சுண்டிப்போனது.

தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார். பிட்ச்சிலேயே மல்லாந்து படுத்தார். வலது கை ஒற்றை விரலோடு நேராக மேலே போனது.

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அறிவழகன் கையெடுத்துக் கும்பிட்டான். அவரைத் தூக்கிவிட நான் ஓடினேன். எனக்கு முன்னால் போன பிரேம்குமார் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

“அப்பா, பந்து மொதல்ல பேட்டுலதாம்ப்பா பட்டுச்சு.”

“இன்னொரு தடவ எந்திரிச்சுப் படுக்க என்னால ஆவாதுடா. நடையக் கட்டு” என்றார்.